குஜராத் போகும் குடும்பம்

தன் குடும்பம் குஜராத்துக்குக் கிளம்புகிறது என்ற சேதியை, ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டி முனையில் கட்டியிருந்த பேனரைப் படித்துத்தான் செங்கொடி தெரிந்துகொண்டாள். இந்த அநியாயம் வேறு எந்த ஊரில் நடக்கும், சொல்லுங்கள். புளியந்தோப்பில் நடக்கும். இங்கே குழந்தைக்கு முதல் மொட்டை என்றால் பேனர், பெண் பெரியவளானால் பேனர், கிழவர் மண்டையைப் போட்டால் அதற்கும் பேனர். ஆனால் நடக்குமா நடக்காதா என்று வீட்டில் தினமும் வாய்ச்சண்டையாக இருக்கிற ஒரு விஷயத்துக்குப் பேனர் வைத்தது அன்றுதான்.

ராயபுரத்தில் மகளுக்குப் பேச்சுப் பயிற்சி முடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். ஐந்து வயது ரமாபாய் மடியில் தூங்கிப்போயிருந்தாள். ஆட்டோ ஆள் ஏற்ற நின்றது. எதிரே ஓர் ஆள் உயரத்துக்கு இவளுடைய கல்யாணப் போட்டோ நின்றது.

‘கடல் கடக்கும் சிங்கமே! குஜராத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டக் குடும்பத்துடன் புறப்படும் எங்கள் ஆருயிர் அண்ணன் நீலமேகம் அவர்களை வாழ்த்தி வழியனுப்பும் நண்பர்கள்.’

மேலே நீலக் கோட்டுப் போட்ட அம்பேத்கர், ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் கப்பல். குஜராத்துக்குக் கடல் கடக்க வேண்டாம், சென்ட்ரலில் ரயில் ஏறினாலே போதும் என்பதைப் பேனர் அடித்த சௌக்கத் அலிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. செங்கொடி சிங்கத்தையும் பார்க்கவில்லை, கப்பலையும் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த ரமாவின் படத்தைப் பார்த்தாள். வலது காதுக்குப் பின்னால் எப்போதும் மாட்டியிருக்கும் மிஷினும், அதிலிருந்து ஒயர் போய்த் தலைமுடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமும் படத்தில் இல்லை. அழகுக்காக அழித்திருந்தார்கள். செங்கொடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

விஷயம் இதுதான். அவள் புருஷன் நீலமேகம் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். காண்ட்ராக்ட் வேலை. அங்கே முன்பு சூப்பர்வைசராக இருந்த தாமோதரன் இப்போது குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் பெரிய ஆள். போன வாரம் அவர் போன் செய்தார். நிரந்தர வேலை, இங்கே வாங்குவதைப் போல இரண்டு பங்கு சம்பளம், குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? ரமாவுக்கு மட்டும் மற்றப் பிள்ளைகளைப் போலக் காது கேட்டிருந்தால் செங்கொடியே முதல் ஆளாக மூட்டை கட்டியிருப்பாள்.

ரமா பிறவியிலேயே காது கேளாதவள். மூன்று வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே ஒன்றைப் பதித்து, வெளியே மிஷின் மாட்டிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை பேசிவிடும் என்று நினைத்திருந்த செங்கொடியைப் பயிற்சி கொடுக்கும் மகிமா உட்காரவைத்துச் சொன்னாள். “அக்கா, அவளுக்கு இன்னைக்குத்தான் காது பொறந்திருக்கு. கைக்குழந்தைகிட்ட பேசுற மாதிரி முதல்ல இருந்து பேசணும்.”

பேசினாள். துடைப்பத்தை எடுத்தால் துடைப்பம் என்றாள், குழாயைத் திறந்தால் தண்ணி வருது பாரு என்றாள், வெங்காயம் வெங்காயம் என்று சொல்லிச் சொல்லியே வெங்காயம் நறுக்கினாள். கீழ்வீட்டுக் குப்பம்மா மேலே வந்து எட்டிப்பார்த்து, “இன்னாமே, தனியா பொலம்பிகினு கீற? காத்து கருப்பு எதுனா அடிச்சிடுச்சா?” என்று கேட்டாள். மகிமா சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் ‘என்ன’, ‘வீடு’ என்று இருந்தன. செங்கொடி அதற்கும் சண்டைக்குப் போனாள். “எங்க வூட்ல யாரு மிஸ் என்னன்னு கேக்கறது? இன்னான்னுதான் கேப்போம். புள்ள எங்ககூட பேசணுமா வாணாமா?” திருநெல்வேலிப் பக்கத்துக்காரியான மகிமா சிரித்துவிட்டு, “சரிக்கா, உங்க பேச்சையே பேசுங்க” என்றாள். ஒரு வருஷம் போன பிறகு ஒருநாள் ரமா குக்கரைக் காட்டி “இன்னா?” என்றாள். அன்றைக்கு இவள் உட்கார்ந்து அழுத அழுகையில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

இப்போதுதான் இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறாள். இந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், தெருவும் கடையும் பள்ளிக்கூடமும் வேறு பாஷை பேசுகிற ஊரில் விடுவதா? தமிழில் பயிற்சி கொடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? செங்கொடியின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

ஹவுசிங் போர்டின் மூன்றாவது மாடிவரை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறினாள். நீலமேகம் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“இன்னாயா நெனச்சுகினு கீற உன் மனசுல? நான் உனக்குப் பொண்டாட்டியா, இல்ல பேனர்ல நிக்கவெச்ச பொம்மையா?”

“எந்தப் பேனருமே?”

“ஒண்ணியும் தெரியாத மாதிரி பேசாத. ஆட்டுத்தொட்டி முனையில போயி பாரு. சிங்கம் கடல் தாண்டுது.”

அவன் முகம் வெளுத்தது. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. டீக்கடையில் பேச்சுவாக்கில் சௌக்கத் அலியிடம், இப்படி ஒரு வேலை வந்திருக்கு, போனாலும் போவேன் என்று சொல்லியிருக்கிறான். சௌக்கத் அலி பேனர் அச்சடிக்கிறவன், சின்ன வயசு தோஸ்து. தோஸ்துக்கு ஒரு நல்லது நடக்கும்போது அவன் கை சும்மா இருக்குமா?

“தாமோதரன் அண்ணனாண்ட வரேன்னு சொல்லிட்டியா?”

“உன்ன கேக்காம சொல்லுவனா?”

“என்ன கேக்காம ஊர் பூரா சொல்லிகீறியே!”

“சரிமே, ஆசைதான். அதுக்கு இன்னா இப்போ? எனுக்கு ஆசை இருக்கக் கூடாதா?” என்று அவனும் எழுந்துவிட்டான். “எத்தினி நாளு காண்ட்ராக்ட்லயே சாவறது? எதுக்கெடுத்தாலும் புள்ளைய காட்டாத. குஜராத்துல காது கேக்காத புள்ளைங்களே இல்லியா? அதுங்கள்லாம் பேசலியா?”

செங்கொடி தோளிலிருந்த பிள்ளையைக் கட்டிலில் கிடத்தினாள். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

சாயங்காலம் சௌக்கத் அலி ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான், பாவம். செங்கொடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“புள்ள படத்துல மிஷின எதுக்கு எடுத்த?”

“கண்ணு பட்டுடும்னுதான் அண்ணி. நாலு பேரு பாக்கற எடத்துல…”

“அது இல்லன்னா நீ பேசறது அவளுக்கு ஒண்ணியும் கேக்காது. அத அழிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

அவன் ஸ்வீட் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப்போனான். தானே ஏணி போட்டு ஏறி, பேனரைக் கிழித்து இறக்கினான் என்று குப்பம்மா வந்து சொன்னாள். இறக்கி என்ன பிரயோஜனம்? அதற்குள் அந்தப் படம் அத்தனை பேர் ஸ்டேட்டஸிலும் ஏறி எண்ணூர்வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் ஷிப்டுக்குப் போன நீலமேகம் போன சூட்டிலேயே திரும்பி வந்தான். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“கேபின்ல வேற ஆள ஏத்திட்டாங்க.”

“யாரு ஏத்தினது?”

“சூப்பர்வைசர் ஜெரிதான். ‘ஸ்டேட்டஸ்ல பாத்தேன் நைனா, ஊரே உன்ன வழியனுப்புது, நீ திடீர்னு கெளம்பிட்டா நான் ஆளுக்கு எங்க போவேன்’ன்றான். போவலடான்னு சொன்னா, ‘புது ஆளுக்கு ஆர்டர் போட்டாச்சு, வோணும்னா லாஷிங்ல நில்லு’ன்றான்.”

லாஷிங் என்றால் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. மேலே குளிர்ந்த கேபினில் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி வைத்தவன், இனிமேல் வெயிலில் நின்று அதே பெட்டிகளைக் கட்ட வேண்டும், அதுவும் பாதிச் சம்பளத்துக்கு. ஜெரியைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆள் போய்விட்டால் அவன் தலைதான் உருளும்.

நீலமேகம் யாரையும் திட்டவில்லை. சௌக்கத் அலியைக்கூடத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சண்டை போடுகிறவனைச் சமாளிக்கச் செங்கொடிக்குத் தெரியும். இப்படி உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்றுவரை போகலாமா வேண்டாமா என்று பேசுவதற்காவது கையில் ஒரு வேலை இருந்தது.

சனிக்கிழமை மகிமாவிடம் போய் நின்றாள். “மிஸ், ஒரே வார்த்தையில சொல்லுங்க. இட்டுகினு போவலாமா, கூடாதா?”

மகிமா ரமாவுக்கு முதுகுப் பக்கமாக நின்று கைதட்டி, அவள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒரே வார்த்தையில முடியாதுக்கா. நீங்க வீட்ல விடாம பேசினா பேச்சு நின்னுபோகாது. ஆனா இப்பத்தான் ஒரு பாஷை அவ மனசுல உக்காருது. சுத்தி வேற சத்தமா ஆயிட்டா குழம்புவா. பின்னாடி போயிருவாளான்னு கேட்டா, போகலாம், போகாமலும் இருக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன். உங்க இடத்துல நானா இருந்தா இன்னும் ரெண்டு வருஷம் அசைய மாட்டேன். ஆனா நான் உங்க இடத்துல இல்லையே.”

வரும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை முட்டியது. உண்மையைச் சொன்னால் என்ன, அவளுக்கும் அந்தக் குவார்ட்டர்ஸ் மேல் ஆசை இருந்தது. மழை வந்தால் மாடிப்படிவரை ஏறுகிற சாக்கடைத் தண்ணீர் இல்லாத ஊர். ஆட்டுத்தொட்டி நாற்றம் இல்லாத ஒரு சமையலறை. கல்யாணமான புதிதில் இந்த இடத்தைவிட்டு எங்கேயாவது இட்டுகினு போயா என்று அவனை நச்சரித்தவளே இவள்தான். இப்போது அவன் கூப்பிடுகிறான், இவளால் போக முடியவில்லை. யார் மேல் கோபப்படுவது?

அன்று சாயங்காலம் அவளே பேச்சை எடுத்தாள். “நீ போயா. நானும் புள்ளையும் இங்கயே இருக்கோம்.”

நீலமேகம் நிமிர்ந்து பார்த்தான். “தனியா சமாளிப்பியா?”

“இப்போ மட்டும் இன்னா, நீயா பாடம் நடத்திகினு கீற? துபாய் போனவன்லாம் வீடியோ கால்லதான் புள்ள வளக்கறான். நீயும் தினம் பேசு.”

சொல்லிவிட்டாளே தவிர, அவன் உடனே சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள், சொல்லாமல் போய்விடுவானோ என்றும் பயந்தாள். அவன் ரமாவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான்.

“நாளிக்கி காலையில பேசிப் பாக்கறேன். அவ என்கூட போன்ல பேசினா, போறேன்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி தின்றுவிட்டு நீலமேகம் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, வேப்பமரத்துக்கு அப்பால் பைக்குகள் நிற்கிற இடத்துக்குப் போனான். செங்கொடி தன் போனை ரமாவின் முன்னால் டம்ளரில் சாய்த்து வைத்தாள். அடித்தது. அவன் முகம் வந்தது.

“அப்பா!” என்று ரமா குதித்தாள். செங்கொடிக்கு உயிர் வந்தது.

“ரமா, இன்னாடா துன்ன?”

ரமா சிரித்தாள். கையை ஆட்டினாள். அவ்வளவுதான். போனில் அவன் வாய் ஒரு நேரத்தில் அசைந்தது, சத்தம் வேறொரு நேரத்தில் கரகரவென்று வந்தது. அந்தக் கரகரப்பு காதுக்குப் பின்னால் இருந்த மிஷினுக்குள் போய் என்னவாக ஆனதோ, யாருக்குத் தெரியும்?

“ரமா, இட்லி துன்னியா? அப்பா கேக்கறேன்டா, இட்லி!”

ரமா படத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். செங்கொடி மனசுக்குள், சொல்லுடி, சொல்லுடி என் கண்ணு என்று கெஞ்சினாள். வாயைத் திறந்து உதவி செய்யக் கூடாது என்று பேச்சு. நீலமேகத்தின் குரல் ஏறிக்கொண்டே போனது. “ரமா! அப்பாடா! பேசு! இட்லி துன்னியா?”

மூன்று மாடிக்கும் அவன் கத்துவது கேட்டது. எதிர் பிளாக்கில் ஒரு ஜன்னல் திறந்தது. “அது துன்னுச்சு நைனா, நான்தான் பாத்தேனே!” என்று குப்பம்மா கீழிருந்து பதில் சொன்னாள். செங்கொடி வீடியோவை அணைத்துவிட்டு, கடைசி முயற்சியாக வெறும் குரலை மட்டும் ஸ்பீக்கரில் போட்டாள். ரமா போனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, உதட்டைப் பிதுக்கி, “அப்பா இல்ல” என்றாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

நீலமேகம் மாடிப்படி ஏறி வந்தான். ரமா முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கத்தாமல், சும்மா கூப்பிடுகிற மாதிரி, “ரமா, இட்லி துன்னியா?” என்றான்.

“துன்னேன் ப்பா. ரெண்டு” என்றாள் அவள், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீலமேகம் வாயைப் பொத்திக்கொண்டான். “நான் போயிட்டு வர்றதுக்குள்ள அவ நல்லா பேசுவாமே. உன்கூட பேசுவா, குப்பம்மா அத்தகூட பேசுவா. என்கூட பேசமாட்டா. நான் யாரோ ஆயிடுவேன்” என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே தாமோதரனுக்குப் போன் போட்டான். “அண்ணே, நான் வரல.” அவர் அந்தப் பக்கம் கத்தியது செங்கொடிக்கே கேட்டது. பைத்தியமாடா உனக்கு, இந்த மாதிரி வேலை இன்னொரு வாட்டி வருமா என்றார். “வராதுண்ணே, தெரியும்” என்றான் நீலமேகம்.

சந்தோஷப்பட வேண்டியவள்தான் செங்கொடி. அவள் நினைத்ததுதானே நடந்தது? ஆனால் அன்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டது வேறொரு பயம். நாளைக்கு ரமாவின் பேச்சு இப்படியே நின்றுபோனால்? அதற்காகவா இந்த மனுஷன் இத்தனையும் விட்டான் என்று அவன் கேட்காவிட்டாலும் ஊர் கேட்கும். ஊரை விடுங்கள், அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

திங்கட்கிழமை நீலமேகம் லாஷிங் வேலையில் போய் நின்றான். மழைக்காலம் வந்து போகும்வரைக்கும் அதே வேலைதான். கம்பி முறுக்கிமுறுக்கிக் கை கிழிந்தது. பழைய கிரேனில் புது ஆள் உட்கார்ந்து இவன் தலைக்கு மேல் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனான். வீட்டில் சிக்கன் வாங்குவது நின்றது. நீலமேகம் டீக்கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டான். பேச்சும் குறைந்துபோனது.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். அவன் வந்து கட்டிலில் சாய்ந்திருந்தான். செங்கொடி அவன் உள்ளங்கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று சுற்றியது. கீழே குப்பம்மா வீட்டில் டிவி அலறியது. ரமா பால்கனிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடிப்பதாகச் சொல்லிக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

“என் மேல கோவமாயா?” என்று கேட்டேவிட்டாள் செங்கொடி. எத்தனை நாளாக நெஞ்சில் வைத்திருந்தாளோ.

“உன் மேல இன்னா கோவம்? நான்தானே சொன்னேன் வரலன்னு.” மற்றக் கையையும் அவளிடம் நீட்டினான். “ஆனா வருத்தம் கீதுமே. இல்லன்னு சொன்னா பொய்யி. அந்தக் கேபினு தலைக்கு மேல போறப்போல்லாம் அண்ணாந்து பாக்கறேன். சில நாளு அழுகையே வந்துடுது.”

“யாரு அழுவறது?”

செங்கொடியின் கை நின்றுவிட்டது. நீலமேகம் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். இருவரும் பால்கனிப் பக்கம் பார்த்தார்கள். ரமா முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாளும் அவளைக் கூப்பிட்டு அவளுக்கென்று சொன்னால்தான் ஒரு சொல் அவளுக்குள் போகும். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அவள் காதில் வாங்கியதே கிடையாது. அவர்கள் போட்ட சண்டையெல்லாம் அவள் தலைக்கு மேலேயே போட்டதுதான். ஃபேன் சத்தத்தையும் டிவி சத்தத்தையும் தள்ளிவிட்டு, தனக்கில்லாத ஒரு பேச்சை இன்றைக்கு அவளாகவே பொறுக்கி எடுத்திருக்கிறாள்.

ரமா துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பா அழுதியா?” என்று கேட்டாள்.

“இல்லடா கண்ணு, சும்மா பேசிகினு இருந்தோம்” என்றான் நீலமேகம். அவள் சமாதானமாகி மறுபடியும் துணியைக் கசக்க உட்கார்ந்தாள். அவன் செங்கொடியின் பக்கம் திரும்பி, சத்தமாக என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

செங்கொடி அவன் கையை அழுத்திப் பிடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“மெதுவா பேசுயா” என்றாள். “புள்ளைக்குக் கேக்குது.”